பந்தைத்தான் எடுத்தான்!

பெரம்பூர், வியாசர்பாடி, அயனாவரம் பக்கம் போனால் இவரைத் தேடவே வேண்டாம். டீக்கடைக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. நாற்பதைத் தாண்டிய வயது. சற்றே முன்னால் வந்துவிட்ட வயிறு, அதன்மேல் திணறிக்கொண்டிருக்கும், மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ஒரு சிவப்பு ஜெர்சி. ஜெர்சியின் முதுகில் பெயர் இருக்கும் ஆட்டக்காரர் அந்த அணியை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. துவைத்துத் துவைத்துப் பெயரிலும் பாதி எழுத்துகள் போய்விட்டன. தெருப் பையன்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ரெட் கார்டு அண்ணன்'. கூப்பிட்டால் கோபப்படமாட்டார். பட்டம் கிடைத்த மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. அது சோற்றுக்கு. அவருடைய உண்மையான தொழில், ஐரோப்பாவில் நடுவர்கள் கொடுத்த தீர்ப்புகளை இங்கே பெஞ்சில் உட்கார்ந்து ரத்துசெய்வது. யார் யாருடைய காலை எங்கே வைத்து மிதித்தார்கள், அதற்குச் சிவப்பு அட்டை தகுமா, மஞ்சளோடு விட்டிருக்கலாமா என்பதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

இத்தனைக்கும் மனிதர் பரம சாது. மானேஜர் இன்கிரிமென்டைத் தள்ளிப்போட்டால் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். கண்டக்டர் "இறங்கும்போது வாங்கிக்கோ" என்று டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொடுத்த பாக்கிச் சில்லறையைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இறங்கிவிடுவார். கல்யாணப் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் வடை வராமல் போனால், வராத வடைக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஆனால் துருக்கியைச் சேர்ந்த ஒரு நடுவர் இங்கிலாந்தில் வைத்துக் காட்டிய ஓர் அட்டையை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த வழக்கின் விவரம் இது. 2013 மார்ச் 5, ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். சாம்பியன்ஸ் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் ஆட்டம். நமக்கு விடிந்தால் புதன்கிழமை. ராத்திரி ஒன்றேகால் மணிக்குத் தொடங்கியது. யுனைடெட் ஒரு கோல் முன்னிலை. 56-ஆவது நிமிஷத்தில் யுனைடெட்டின் நானி, வானத்திலிருந்து இறங்கிவரும் பந்தை வாங்கக் காலை இடுப்புயரத்துக்குத் தூக்கினார். பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாட்ரிட்டின் அர்பெலோவாவின் விலாவில் அந்தக் கால் பட்டது. இருவருமே விழுந்தார்கள். நடுவர் ஜுனைத் சாகிர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிவப்பு அட்டையை எடுத்தார். அதன்பிறகு மாட்ரிட்டுக்கு மோட்ரிச் ஒரு கோல், ரொனால்டோ ஒரு கோல். யுனைடெட் வெளியே போனது. யுனைடெட்டின் மானேஜர் பெர்குசன் அன்று பத்திரிகையாளர் சந்திப்புக்கே வரவில்லை. நம் அண்ணனும் மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. லீவ் லெட்டரில் 'வயிற்றுக் கோளாறு' என்று எழுதினார். அது பொய் என்று சொல்லிவிட முடியாது.

இதைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் முதலில் கால் வரும், பிறகுதான் பேச்சு வரும். டீக் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நிற்பார். பக்கத்தில் இருப்பவர் அர்பெலோவா ஆக்கப்படுவார், சம்மதம் கேட்கப்படுவதில்லை. "பாரு, பந்து அங்க மேலேர்ந்து வருது. நான் இங்க நிக்குறேன். என் கண்ணு எங்க இருக்கு? மேல! உன்ன நான் பாக்கவே இல்ல. நீயா வந்து விழுற." செருப்போடு வலது கால் மேலே எழும். எழும் என்றால், வயிறு அனுமதிக்கிற உயரத்துக்கு. போன மாதம் இந்தச் செய்முறை விளக்கத்தில் செருப்பு கழன்று போய் பட்டர் பிஸ்கட் ஜாடிமேல் விழுந்தது. ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவரின் டீ முழுக்க அவருடைய காக்கிச் சட்டையில். அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "இப்ப சொல்லு அண்ணாத்த, ரெட்டா இல்லியா?" என்று கேட்டார். அண்ணன் அசரவில்லை. "பந்தத்தான் பாத்தேன்!"

இந்த 'பந்தத்தான்' என்பது அவருடைய சாசனத்தின் முதல் வரி. அவர் அணி ஆட்டக்காரன் பந்தைத் தொட்டிருந்தால் "பந்தத்தான் எடுத்தான்." தொடவில்லை என்றால் "பந்தத்தான் பாத்தான்." தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை, பந்து அந்தப் பக்கம் போய் அரை நிமிஷம் ஆகிவிட்டது என்றால் "பந்துக்குத்தான் போனான், லேட்டாயிடுச்சு. மனுஷன் லேட்டாவக்கூடாதா?" இதையே எதிரணி செய்தால் "கொலை முயற்சி".

கடைக்கு வரும் சாஃப்ட்வேர் தம்பி ஒருவன் ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தையே கைப்பேசியில் வைத்திருக்கிறான். சட்டம் என்னவோ எளிமையானதுதான். கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்ற யோசனையே இல்லாமல் மோதினால் மஞ்சள். தேவைக்கு மிஞ்சிய வேகத்தோடோ, எதிராளியின் உடம்புக்கு ஆபத்து உண்டாகும் விதத்திலோ பாய்ந்தால் சிவப்பு. பந்தைத் தொட்டிருந்தால் விட்டுவிடலாம் என்று எங்கேயும் இல்லை. வேண்டுமென்றே செய்தானா என்ற கேள்வியும் அங்கே இல்லை.

"அண்ணே, பந்தத் தொட்டா ரெட் இல்லன்னு ரூல்ல எங்கயுமே போடலண்ணே."

"தம்பி, நீ எத்தன வருஷமா மேட்ச் பாக்குற?"

"ஒரு அஞ்சு வருஷமாண்ணே."

"நான் கான்டோனா காலத்துலேர்ந்து பாக்குறேன். டீய குடி."

தம்பியும் விடாக்கண்டன்தான். கோலை நோக்கித் தனியாக ஓடுபவனைக் கீழே தள்ளிய விஷயம் வந்தால் அண்ணன் "லாஸ்ட் மேன், ரெட்டு!" என்பார். தம்பி உடனே திரையை நகர்த்தி, 'கடைசி ஆள்' என்ற சங்கதியே சட்டத்தில் இல்லை என்பான். கோலுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசையில் ஓடினான், பந்து அவன் வசம் இருந்திருக்குமா, தடுக்க வேறு எத்தனை பேர் எங்கெங்கே நின்றார்கள் என்று நாலையும் பார்க்க வேண்டும். 2016-இல் வந்த திருத்தத்தின்படி, பெனால்டி பகுதிக்குள் பந்துக்காக முயன்று செய்த தவறாக இருந்தால், பெனால்டியோடு மஞ்சள் போதும் என்றாகிவிட்டது. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் கேட்பார்: "எல்லாம் சரிப்பா. அவன் லாஸ்ட் மேனா, இல்லியா?"

அண்ணனின் சட்ட ஞானத்தை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தேவைப்பட்டால் அவருக்கும் சட்டம் தெரியும். 2020 அக்டோபரில் எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட், லிவர்பூலின் வான் டைக்மீது இரண்டு காலையும் விரித்துப் பாய்ந்தாரே, நினைவிருக்கிறதா? ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வான் டைக்கின் முழங்கால் தசைநார் போயிற்று. அந்த சீசனில் அவர் அப்புறம் ஆடவே இல்லை. பிக்ஃபோர்டுக்கு மஞ்சள்கூடக் கிடையாது. யுனைடெட் ரசிகருக்கு லிவர்பூல் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்று அண்ணன் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ஆகிவிட்டார். "ஆஃப்சைடு கொடி ஏறிடுச்சு. அப்ப ஆட்டம் நின்னு போச்சு. நின்னு போன ஆட்டத்துல ஏதுப்பா ஃபவுலு? லாஜிக் வேணாமா?" ஆஃப்சைடாகவே இருந்தாலும் காலை உடைப்பதற்கு லைசன்ஸ் கிடையாது, அட்டை காட்டலாம் என்று தம்பி படித்துக் காட்டினான். அண்ணன் அன்றைக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியலப்பா" என்றார்.

வீடியோ உதவி நடுவர் முறை 2018 உலகக் கோப்பையில் வந்தபோது, இனி இந்தச் சண்டையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நானும் நம்பினேன். அண்ணனைப் போன்றவர்களுக்கு வேலை போய்விடுமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. நடந்ததோ வேறு. முன்பெல்லாம் நடுவர் ஒருவரைத்தான் திட்ட வேண்டியிருந்தது. இப்போது அறைக்குள் உட்கார்ந்து திரை பார்ப்பவர்களையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது.

2023 மார்ச்சில் ஒரு ஞாயிறு. யுனைடெட்டுக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் ஆட்டம். நம் ஊரில் மாலை ஏழரை மணி, அதாவது கடையில் உட்கார இடமில்லாத நேரம். யுனைடெட்டின் காஸெமீரோ பந்துக்குப் பாய்ந்தார். பந்தைத் தொடவும் செய்தார். ஆனால் கால் பந்தின் மேலே ஏறி, அப்படியே போய் எதிராளியின் காலில் ஸ்டட்டோடு இறங்கியது. நடுவர் ஆன்டனி டெய்லர் முதலில் மஞ்சள் காட்டினார். பிறகு காதில் ஏதோ கேட்டது; ஓரத்தில் இருக்கும் திரையைப் போய்ப் பார்த்தார்; திரும்பி வந்து சிவப்பு காட்டினார். காஸெமீரோ முகத்தைப் பொத்திக்கொண்டார். கடையில் அண்ணனும் பொத்திக்கொண்டார்.

"ஸ்லோ மோஷன்ல பாத்தா எங்க பாட்டி நடந்து வர்றதுகூட ரெட் கார்டு மாதிரிதான்டா தெரியும்!" என்றார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த இடத்தில் பட்டது என்று பார்க்கத்தான் மெதுவான காட்சி. எவ்வளவு வேகமாகப் பட்டது என்பதை வழக்கமான வேகத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்று வீடியோ நடுவர்களுக்கான விதியே இருக்கிறது. அண்ணன் அத்தோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார். எதிரே யாரோ, "கால் பந்து மேல ஏறி வழுக்கிடுச்சேண்ணே" என்றதும், "பந்து உருண்டையா இருந்தா வழுக்கத்தான் செய்யும்! பந்த உருண்டையா செஞ்சவனுக்குக் குடு ரெட் கார்டு!" என்று கத்திவிட்டார். கடை முழுக்கச் சிரித்தது. வழக்கு தோற்றது.

தோற்ற வழக்குகளை அவர் வாட்ஸ்ஆப்புக்குக் கொண்டுபோவார். அங்கே அவர் அனுப்பும் படங்களில், ஓர் ஆட்டக்காரரின் கணுக்காலைச் சுற்றி விரலால் வரைந்த கோணல்மாணலான சிவப்பு வட்டம் இருக்கும். கூடவே ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ். அதன் பின்னணியில் அண்ணியின் குரலும் தெளிவாகக் கேட்கும்: "அந்த ரெஃப்ரி நம்பர் இருந்தாக் குடுங்க. நானே பேசி முடிச்சிடறேன். நீங்க வந்து படுங்க."

கடையில் இவரை அடக்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அந்தக் காலத்தில் சென்னை லீக்கில் ரைட் பேக் ஆடிய பெரியவர். இடது முழங்கால் இப்போதும் மடங்காது. பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்டித்தான் உட்காருவார். அவரும் நடுநிலைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தடுப்பாட்டக்காரன் செய்கிற எதுவுமே தப்பில்லை. எந்த மோதலைக் காட்டினாலும் "பல்லு போச்சா?" என்று கேட்பார். போகவில்லை என்றால் "அப்ப ஆட வுடு". போயிருந்தால் 1982-க்குப் போய்விடுவார். அந்த உலகக் கோப்பையின் அரையிறுதி, செவியா நகரம். ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் ஓடிவந்து எகிறிய எகிறில் பிரான்ஸின் பத்திஸ்தோன் பல்லும் போய், நினைவும் போய், ஸ்ட்ரெச்சரில் போனார். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. கோல் கிக் கொடுத்தார். "பல்லு போனதுக்கே கோல் கிக்கு. நீங்க என்னாடான்னா சாக்ஸ் கிழிஞ்சதுக்குக் கார்டு கேக்குறீங்க" என்பார் பெரியவர். அண்ணன் பதில் சொல்லமாட்டார். மற்றவர்களோடெல்லாம் வாதாடலாம், மடங்காத முழங்காலோடு எப்படி வாதாடுவது?

இந்த அட்டை வந்த கதையும் ஒரு சண்டையில் தொடங்கியதுதான். 1966 உலகக் கோப்பையில் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. ஜெர்மன் நடுவர் அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியே போகச் சொன்னார். ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது, நடுவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ராட்டின் போகவே மாட்டேன் என்று நின்றார். நடுவர்களின் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன் இதை யோசித்துக்கொண்டே லண்டனில் கார் ஓட்டிப் போகும்போது சிக்னல் விழுந்தது. மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் நில்: பாஷையே வேண்டாமே என்று தோன்றியது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு சிவப்பும் வெளியே வரவில்லை. 1974-இல் சிலியின் கஸேலிக்குத்தான் உலகக் கோப்பையின் முதல் சிவப்பு.

லண்டனில் யோசித்ததால் சரியாகப் போயிற்று. ஆஸ்டன் நம் பெரம்பூரில் கார் ஓட்டியிருந்தால் இந்த யோசனை வந்தே இருக்காது. போலீஸ்காரர் நிற்காத சிக்னலில் சிவப்பு என்பது இங்கே வெறும் ஆலோசனை. எந்தத் தீர்ப்பையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாத அண்ணனின் குணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், காலை ஒன்பது மணிக்கு அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்க்கட்டும்.

நடுவர்கள்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாததற்கு அவர் காட்டும் ஆதாரம் 2006 உலகக் கோப்பை, ஸ்டுட்கார்ட். குரோஷியாவின் சிமுனிச்சுக்கு கிரஹாம் போல் என்கிற இங்கிலாந்து நடுவர் ஒரே ஆட்டத்தில் மூன்று மஞ்சள் காட்டினார். இரண்டாவதிலேயே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். "ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் கையில விசிலக் குடுத்தா இப்படித்தான். என் கையில ஒரு நாள் குடுத்துப் பாரு."

கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருப் பையன்களின் செவன்ஸ் ஆட்டம். விசில் ஊத வர வேண்டியவர் வரவில்லை. அண்ணனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் விசிலோடு மனிதர் மிடுக்காகத்தான் நின்றார். முதல் பாதி வரை த்ரோ இன், கார்னர் என்று எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் பாதியில், வளர்த்தியான பையன் ஒருவன் பின்னாலிருந்து பாய்ந்து, விங்கில் ஓடிய பொடியனை அடியோடு வாரிச் சாய்த்தான். புழுதி அடங்கிப் பொடியன் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. பெரியவரே "இது கொஞ்சம் ஓவர்தான்" என்று முனகினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அண்ணன் கம்பீரமாக விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். கை பாக்கெட்டுக்குள் போயிற்று. பாய்ந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து முகத்தைக் காட்டினான்.

ஹவுஸ் ஓனர் மகன்.

பாக்கெட்டுக்குள் போன கை அங்கேயே நின்றது. அண்ணன் எல்லைக்கோட்டைப் பார்த்தார். அங்கே கொடி பிடித்து நின்ற பையன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். வானத்தைப் பார்த்தார். வீடியோ அறை எதுவும் அங்கே இல்லை. கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: "பந்தத்தான் எடுத்தான். ஆடுங்க, ஆடுங்க."

அதற்கு அடுத்த இரண்டு நாள் கடையில் அண்ணனைக் காணவில்லை. மூன்றாம் நாள் வந்தார். வந்த வேகத்தில், முந்தின ராத்திரி இத்தாலியில் எவனோ எவனையோ மிதித்ததற்கு மஞ்சள் மட்டும் கொடுத்த நடுவர் எந்த நெருக்கடியில் அப்படிச் செய்திருப்பார், யாருக்குப் பயந்திருப்பார் என்று விளக்க ஆரம்பித்தார். அன்று அவர் பேச்சில் இதுவரை இல்லாத ஓர் ஆழம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டத்துக்கு அவரோடு போவது தனி அனுபவம். ஐ.எஸ்.எல். ஆட்டங்கள் வீடியோ நடுவர் இல்லாமலே நடந்துவந்திருப்பதால் அந்தப் பொறுப்பையும் கேலரியிலிருந்து இவரே ஏற்றுக்கொள்கிறார். இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்து, "செக் பண்ணு! செக் பண்ணு!" என்று நடுவரைப் பார்த்துக் கத்துவார். செக் பண்ண எதுவுமில்லை என்பது நடுவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வெளியே வருவார். திரும்பும் வழியில் பைக் பார்க்கிங்கில் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுப்பார்.

நானி விஷயத்துக்கு வருகிறேன். அன்று இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் யுனைடெட்டின் பழைய கேப்டன் ராய் கீனே, நடுவர் செய்தது சரிதான் என்று சொன்னார். அண்ணன் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த கீன் படம் அன்றிலிருந்து கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. என்னைக் கேட்டால், கண் பந்தின்மேல் இருந்தாலும் கால் இருந்த உயரத்துக்கு அது சிவப்புதான். கீன் சொன்னது சரி. இதைப் படிக்கிற யுனைடெட் ரசிகர்கள் என்னிடம் சண்டை போட வேண்டுமென்றால் தாராளமாக வாருங்கள். செருப்பை மட்டும் கடைக்கு வெளியே கழற்றிவிட்டு வாருங்கள்.